ரேடியோ டெலஸ்கோப் பக்கத்துல ஆர்எஃப்ஐ பிடிக்கிற வேலைக்கு புதுசா வந்தவங்களுக்கு

ரேடியோ வானாய்வகத்துல ஆர்எஃப்ஐ கண்காணிப்பு வேலைக்கு இப்பதான் வந்து உக்காந்திருக்கீங்கன்னா இது உங்களுக்காகத்தான் எழுதுறேன். ஆர்எஃப்ஐன்னா மனுஷன் செஞ்ச கருவிகள்ல இருந்து கிளம்பி டெலஸ்கோப் டேட்டாவுல கலந்துடற ரேடியோ இடையூறு, அது செல்போன் டவரா இருக்கலாம், தலைக்கு மேல போற சாட்டிலைட்டா இருக்கலாம், பக்கத்து ரூம்ல இருக்கிற எல்இடி லைட்டாவும் இருக்கலாம். முதல் வாரம் எல்லாருக்கும் ஸ்பெக்ட்ரம் அனலைசர் (எந்த ஃப்ரீக்வென்சியில எவ்வளவு சிக்னல்னு காட்டற கருவி) பட்டன்களை கத்துக்கறதுலயே போயிடும், அது வேணும்தான், ஆனா நான் பார்த்த வரைக்கும் கடைசியில கேஸை முடிச்சு வைக்கிறது சரியான கடிகாரமும் ஒழுங்கா எழுதின லாக்கும், அதாவது பதிவேடும்தான். ஒரு சிக்னல் எங்க இருக்குங்கறதைவிட அது எப்போ வந்துச்சு எப்போ போச்சுங்கறது அது யாருன்னு சீக்கிரமா காட்டிக்கொடுத்துடும். இந்த ஒரு விஷயத்தை பிடிச்சுக்கிட்டு மீதியை படிங்க.

எவ்வளவு சின்ன சிக்னலுக்காக இவ்வளவு பாடுபடறோம்னு ஒரு தடவை கணக்கு போட்டுப் பாருங்க. வானத்துல இருந்து வர்றதை ஜான்ஸ்கிங்கற அளவுல சொல்வாங்க, ஒரு ஜான்ஸ்கின்னா ஒரு சதுர மீட்டருக்கு ஒரு ஹெர்ட்ஸுக்கு 10-இன் அடுக்கு மைனஸ் 26 வாட். நிலாவுல ஒருத்தர் ஒரு வாட் பவர்ல 200 கிலோஹெர்ட்ஸ் அகலத்துல ஒரு செல்போனை ஆன் பண்ணி வச்சா அது பூமிக்கு வந்து சேரும்போது கிட்டத்தட்ட 270 ஜான்ஸ்கி இருக்கும், நாம பாக்கற கேலக்ஸிகள் நிறைய மில்லிஜான்ஸ்கி கணக்குல இருக்கு. நிலாவுல இருக்கிற போனே அவ்வளவுன்னா, பாக்கெட்டுல இருக்கிற போன் என்ன பண்ணும்னு யோசிச்சுக்கோங்க.

முதல்ல பேண்ட் எல்லாம் தெரியணும்

அனலைசரை தொடறதுக்கு முன்னாடி எந்த பேண்டுல, அதாவது எந்த ஃப்ரீக்வென்சி வரம்புக்குள்ள, யாருக்கு உரிமைன்னு தெரிஞ்சுக்கோங்க. வானத்து ஹைட்ரஜன் வாயு தானா வெளியிடற சிக்னல், அதாவது ஹைட்ரஜன் கோடு, 1420.4 மெகாஹெர்ட்ஸ், அதுக்காக 1400ல இருந்து 1427 வரைக்கும் சர்வதேச ரேடியோ விதிமுறையில யாருமே எதையுமே அனுப்பக் கூடாதுன்னு இருக்கு, 2690–2700க்கும் அதே தடை. ஓஹெச் (ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த) மூலக்கூறுக்கு 1612, 1665, 1667, 1720ல கோடுகள் இருக்கு, இதுல 1612 பக்கம்தான் ரொம்ப பாவம், 1610.6–1613.8 ரேடியோ வானியலுக்கு ஒதுக்கினதுதான், ஆனா ஒரு பக்கம் ரஷ்யாவோட வழிகாட்டி சாட்டிலைட் குளோனாஸ், இன்னொரு பக்கம் சாட்டிலைட் போன் இரிடியம்னு ரெண்டு பேருமே பல வருஷம் அதுக்குள்ள கசிஞ்சிருக்காங்க. கீழ 322–328.6, அதுலதான் ஊட்டி டெலஸ்கோப் 326.5ல வேலை செய்யுது.

அதே மாதிரி சட்டப்படி இருக்கிற பலமான ஆளுங்களையும் தெரிஞ்சு வச்சுக்கோங்க, எஃப்எம் ரேடியோ 88–108, விமானங்களோட தூரம் காட்டற கருவி 960–1215, விமானம் தன் இடத்தை கத்தி சொல்றது 1090, ஜிபிஎஸ் 1176.45, 1227.6, 1575.42, வைஃபையும் மைக்ரோவேவ் அவனும் 2400–2500க்குள்ள. இந்த லிஸ்ட்டை ஒரு தாள்ல பெருசா எழுதி ஸ்க்ரீன் பக்கத்துல ஒட்டிக்கோங்க, மூணே வாரத்துல பாக்காமலே சொல்ல ஆரம்பிச்சுடுவீங்க. ஒதுக்கின பேண்டுல மட்டும்தான் டெலஸ்கோப் பாக்கும்னு நினைக்காதீங்க, தூரத்து கேலக்ஸியோட ஹைட்ரஜன் கோடு சிவப்புப் பெயர்ச்சியில, அதாவது அது விலகிப் போறதால ஃப்ரீக்வென்சி குறைஞ்சு, கீழ நகர்ந்து நேரா அந்த விமான பேண்டுக்குள்ள போய் விழும், அங்க நமக்கு எந்த உரிமையும் கிடையாது, எந்த நேரத்துல காலியா இருக்குன்னு தெரிஞ்சுக்கறதுதான் ஒரே வழி.

செட்டப்

எல்லா திசையிலும் கேக்கிற ஒரு டிஸ்கோன் ஆன்டெனா, திசை பாக்க ஒரு லாக் பீரியாடிக் ஆன்டெனா, வேண்டிய பேண்டை மட்டும் உள்ள விடற ஒரு பேண்ட்பாஸ் ஃபில்டர், தன் சத்தத்தை அதிகம் சேக்காம பெருக்கற ஒரு லோ நாய்ஸ் ஆம்ப்ளிஃபயர், நல்ல கேபிள், அனலைசர் இல்லன்னா எஸ்டிஆர் (கம்ப்யூட்டர் மென்பொருளோட வேலை செய்யற ரேடியோ ரிசீவர்), இவ்வளவு இருந்தா ஆரம்பிச்சுடலாம். கத்துக்கறதுக்கு ஆர்டிஎல் எஸ்டிஆர் டாங்கிளே போதும், ஒரே நேரத்துல சுமார் 2.4 மெகாஹெர்ட்ஸ்தான் காட்டும், 8 பிட்தான், அதனால பக்கத்துல பலமான சிக்னல் இருந்தா சின்னது மூழ்கிப் போயிடும், அது தெரிஞ்சு பயன்படுத்தினா போதும்.

ஆம்ப்ளிஃபயரை ஆன்டெனாவுக்கு அடியிலயே வைங்க, ரூம்ல மேஜை மேல வைக்காதீங்க. ஆம்ப்ளிஃபயருக்கு முன்னாடி கேபிள்ல 3 டிபி (டெசிபல்) போனா பாதி சிக்னல் அங்கயே போச்சு, பின்னாடி எவ்வளவு பெருக்கினாலும் அது திரும்பி வராது. இன்னொன்னு, கண்காணிக்கிற கம்ப்யூட்டரே சத்தம் போடும், அதோட பவர் சப்ளை, ஈதர்நெட், மானிட்டர் எல்லாமே. அதை கவசப் பெட்டிக்குள்ள வச்சு வெளிய டேட்டாவை ஆப்டிகல் ஃபைபர்ல எடுங்க, காப்பர் கேபிள் வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா அதுவே ஆன்டெனாவா மாறிடும்.

இப்ப ஒரு கசப்பான கணக்கு. அறை வெப்பநிலையில நாய்ஸ் ஒரு ஹெர்ட்ஸுக்கு மைனஸ் 174 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டை அடிப்படையா வச்சு சொல்ற டெசிபல்), 10 கிலோஹெர்ட்ஸ் ரெசல்யூஷன் பேண்ட்விட்த் (அனலைசர் ஒரு நேரத்துல பாக்கற அகலம்) வச்சா மைனஸ் 134, அதுக்கு மேல கருவியோட சொந்த நாய்ஸ் வேற. எல்லா பக்கமும் கேக்கிற ஆன்டெனாவுக்கு 1420ல சிக்னல் பிடிக்கிற பரப்பு வெறும் 35 சதுர சென்டிமீட்டர்தான், அப்ப நாய்ஸ் தரைமட்டத்தை ஜான்ஸ்கியில சொன்னா 11 கோடி ஜான்ஸ்கி! சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூவோட பரிந்துரை ஆர்ஏ.769 இந்த பேண்டுக்கு சொல்ற வரம்போ சுமார் 3 ஜான்ஸ்கி, அதுவும் 2000 நொடி சராசரி எடுக்கிறதா வச்சு. நீங்களும் 27 மெகாஹெர்ட்ஸ் முழுசையும் சேத்து 2000 நொடி சராசரி எடுத்தாக்கூட 500 ஜான்ஸ்கி பக்கம்தான் வந்து நிப்பீங்க. அதனால கண்காணிப்பு ஆன்டெனாவுல ஒன்னும் தெரியலன்னா "இடையூறு இல்ல"ன்னு ரிப்போர்ட்ல எழுதவே எழுதாதீங்க, "இந்த மட்டத்துக்கு மேல ஒன்னும் தெரியல"ன்னு எண்ணோட எழுதுங்க. டெலஸ்கோப்ல வேலை செய்றவங்க ஏதோ இருக்குங்கறாங்க, உங்க ஸ்க்ரீன் சுத்தமா இருக்குன்னா, பெரும்பாலும் அவங்க சொல்றதுதான் சரி.

உங்க கருவியை முதல்ல சந்தேகப்படுங்க

ஆன்டெனாவை கழட்டிட்டு அந்த இடத்துல 50 ஓம் டெர்மினேட்டரை (வெளி சிக்னல் எதையும் உள்ள விடாத மூடி) மாட்டி ஒரு முழு ஸ்கேன் எடுங்க. இப்பவும் ஒரு கோடு தெரியுதுன்னா அது வெளிய இருந்து வரல, உங்க பெட்டிக்குள்ளயே பிறந்தது, அந்த ஃப்ரீக்வென்சி எல்லாம் குறிச்சு வச்சுக்கோங்க, நாளைக்கு அதை தேடி மலையேறாம இருக்கலாம்.

அடுத்து ஆன்டெனாவை மாட்டி, ஆம்ப்ளிஃபயருக்கு முன்னாடி 10 டிபி அட்டென்யூவேட்டர் (சிக்னலை குறைக்கிற கருவி) போட்டுப் பாருங்க. நிஜ சிக்னல் 10 டிபி இறங்கும். 30 டிபி இறங்குச்சுன்னா, இல்ல மொத்தமா காணாமப் போச்சுன்னா, அது ரெண்டு பலமான சிக்னல் உங்க ஆம்ப்ளிஃபயருக்குள்ள மோதிக்கிட்டு பெத்தது. உதாரணத்துக்கு 935லயும் 945லயும் பலமான சிக்னல் இருந்தா 925லயும் 955லயும் இல்லாத சிக்னல் தெரியும். இந்த ஒரு சோதனையை செய்யாம அனுப்பின புகார்களாலதான் நம்ம பேர் கெட்டுப்போகுது, இதுல எனக்கு நிஜமாவே கோபம் வரும், ஏன்னா அதை செய்ய ரெண்டு நிமிஷம் கூட ஆகாது.

மூணாவது நீங்களே. போன், ஸ்மார்ட் வாட்ச், ப்ளூடூத் இயர்போன் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டுப் போங்க, ஃப்ளைட் மோட்ல போட்டா ஒலிபரப்பு நிக்கும், உள்ள ஓடற எலக்ட்ரானிக்ஸ் சத்தம் நிக்காது. வண்டியில போனா டயர் பிரஷர் சென்சார் 315 இல்லன்னா 433.92ல பேசிக்கிட்டே வரும். அமெரிக்காவுல க்ரீன் பேங்க் வானாய்வகத்துல டெலஸ்கோப் பக்கத்துல டீசல் வண்டியைத்தான் ஓட்டறாங்க, பெட்ரோல் இன்ஜினோட ஸ்பார்க் பிளக் அகலமான பேண்டுல சத்தம் போடும்ங்கறதுதான் காரணம்.

ஸ்கேன் எடுக்கிறது

குறைஞ்சது ஒரு வாரம் ராத்திரி பகல் விடாம ஓடவிடுங்க, அதுல வார இறுதி கண்டிப்பா வரணும். ஆவரேஜ், மேக்ஸ் ஹோல்ட் (ஒவ்வொரு ஃப்ரீக்வென்சியிலயும் வந்த உச்சத்தை பிடிச்சு வைக்கிறது) ரெண்டையும் தனித்தனியா சேமிங்க, ஆவரேஜ்ல எப்பவும் இருக்கிற பலவீனமான சிக்னல் மேல வரும், மேக்ஸ் ஹோல்ட்ல திடீர்னு வெடிச்சுட்டு போறது மாட்டும், ஆனா அதுல நாய்ஸ் தரைமட்டமே எழும்பி நிக்கும்ங்கறதால சின்னது மறைஞ்சிடும். ஸ்வீப் பண்ற அனலைசர் ஒரு நேரத்துல ஒரு இடத்தைத்தான் பாக்குது, அது 2 கிகாஹெர்ட்ஸ்ல இருக்கும்போது 1.3ல ஒரு ரேடார் அடிச்சிட்டுப் போனா அதுக்குத் தெரியாது. ரேடார் ஒரு சுத்து சுத்த சில நொடி ஆகும், உங்க பக்கம் திரும்பற நேரமோ கொஞ்சம்தான், அதனால சந்தேகமான இடத்துல ஸ்வீப்பை நிறுத்தி அங்கயே உக்காந்து பாருங்க.

வாட்டர்ஃபால் படத்தை (ஒரு பக்கம் ஃப்ரீக்வென்சி, இன்னொரு பக்கம் நேரம்னு சிக்னலை காட்டறது) ஸ்க்ரீன்ஷாட்டா மட்டும் வைக்காதீங்க, ரா டேட்டாவையும் வைங்க, கூடவே ரெசல்யூஷன் பேண்ட்விட்த், ஆம்ப்ளிஃபயர் கெயின், கேபிள் இழப்பு எல்லாம் எழுதி வைங்க. இது இல்லாம மைனஸ் 95 டிபிஎம்னு மட்டும் எழுதின லாக் ஆறு மாசம் கழிச்சு யாருக்கும் உதவாது.

நேரம்

எல்லா கருவியிலயும் யூடிசி (உலகப் பொது) நேரம், ஒன்னோட ஒன்னு சரியா ஒத்துப் போகணும், டெலஸ்கோப் கடிகாரத்தோடயும்தான். ஏன் இவ்வளவு வற்புறுத்தறேன்னா, இந்தத் துறையே ஒரு இடையூறு லாக்ல இருந்து பிறந்ததுதான். கார்ல் ஜான்ஸ்கி பெல் லேப்ஸ்ல கடல் கடந்த ரேடியோ டெலிபோனை கெடுக்கிற சத்தம் எங்கிருந்து வருதுன்னு 20.5 மெகாஹெர்ட்ஸ்ல பாத்துக்கிட்டு இருந்தவர், இடி மின்னல் சத்தத்தை எல்லாம் பிரிச்சு எடுத்த அப்புறமும் ஒரு சீறல் மிச்சம் இருந்துச்சு, அது தினமும் கொஞ்சம் கொஞ்சமா முன்னாடி நகர்ந்துச்சு, 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை வராம 23 மணி 56 நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்துச்சு. அது நட்சத்திர நாள், அதாவது நட்சத்திரங்களை வச்சுப் பாத்தா பூமி ஒரு சுத்து சுத்தற நேரம். 1933ல அவர் அறிவிச்சது நம்ம பால்வெளியோட சத்தம். 1967ல வானியலாளர் ஜோசலின் பெல் 81.5 மெகாஹெர்ட்ஸ்ல சார்ட் பேப்பர்ல பாத்த சின்ன கிறுக்கலும் அப்படித்தான், பாக்கறதுக்கு இடையூறு மாதிரியே இருந்துச்சு, ஆனா நட்சத்திர நேரத்துக்கு வந்துக்கிட்டு இருந்துச்சு, அதுதான் முதல் பல்சார், அதாவது வேகமா சுத்திக்கிட்டு சீரா துடிக்கிற நட்சத்திரம்.

அதனால உங்க லாக்ல ஒரு சிக்னல் தினமும் 3 நிமிஷம் 56 நொடி முன்னாடி வந்துக்கிட்டே இருந்தா, அதாவது பதினஞ்சு நாள்ல ஒரு மணி நேரம் நகர்ந்துச்சுன்னா, அது மேல இருந்து வருது. சுவர்க்கடிகாரத்தோட ஒட்டிக்கிட்டு இருந்தா மனுஷன். இதுல ஒரு பொறி இருக்கு, ஜிபிஎஸ் சாட்டிலைட்டுங்க பூமியை அரை நட்சத்திர நாளுக்கு ஒரு தடவை சுத்துது, அதனால ஒரே சாட்டிலைட் வானத்துல அதே இடத்துக்கு தினமும் ஏறக்குறைய நாலு நிமிஷம் முன்னாடி வந்துடும். நாலு நிமிஷம் நகருதுன்னு பாத்ததும் குதிக்காம அந்த நேரத்துல எந்த சாட்டிலைட் எங்க இருந்துச்சுன்னு சுற்றுப்பாதை டேட்டாவை வச்சு சரிபாருங்க.

ஆஸ்திரேலியாவோட பார்க்ஸ் டெலஸ்கோப் கதையும் நேரத்தோட கதைதான். 1998ல இருந்து அங்க 1.4 கிகாஹெர்ட்ஸ்ல தொலைதூர வெடிப்பு மாதிரியே ஒரு சிக்னல் அப்பப்ப வந்துக்கிட்டு இருந்துச்சு, பெரிடான்னு பேர் வச்சாங்க, ஆபீஸ் நேரத்துலயே வருதுங்கறது சந்தேகத்தை கிளப்புச்சு. 2014 டிசம்பர்ல அகலமான ஃப்ரீக்வென்சி வரம்பை பாக்கற ஒரு ஆர்எஃப்ஐ மானிட்டரை அங்க வச்சாங்க. அடுத்த மாசமே பெரிடான் வந்தப்போ அதே நேரத்துல மானிட்டர்ல 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் சிக்னல் இருந்துச்சு. மைக்ரோவேவ் அவன் முடியறதுக்குள்ள யாரோ அவசரப்பட்டு கதவை திறந்தா மேக்னட்ரான் (உள்ள மைக்ரோவேவை உண்டாக்கற குழாய்) அணையற அந்த நொடிக்குள்ள 1.4லயும் ஒரு வெடிப்பு வெளிய போயிடுதுன்னு 2015ல நிரூபிச்சாங்க. பதினேழு வருஷ புதிரை ரெண்டு கருவியோட கடிகாரம் ஒத்துப்போனதுதான் உடைச்சுது.

முகத்தை பாத்து ஆளை சொல்றது

கொஞ்ச நாள்ல பாத்ததும் தெரியும். வாட்டர்ஃபால்ல ஒரு கோடு எஸ் வடிவத்துல வளைஞ்சு சில நிமிஷத்துல போயிடுச்சுன்னா தாழ்வா பறக்கிற சாட்டிலைட், டாப்ளர் விளைவால கிட்ட வரும்போது ஃப்ரீக்வென்சி கூடி விலகும்போது குறையும். மைக்ரோ நொடி கணக்குல ஜோடி ஜோடியா துடிப்பு 960–1215ல வந்தா விமானம். கோடு நேரா நிக்காம பகல்ல ஒரு பக்கமும் ராத்திரி இன்னொரு பக்கமும் நகர்ந்துக்கிட்டே இருந்தா வெப்பத்துக்கு ஏத்த மாதிரி ஆடற மலிவான கிரிஸ்டல் (கருவிக்குள்ள கடிகாரத் துடிப்பு தர்றது), ஏசி ஓடற ரூம்ல இருந்தா ஏசி கம்ப்ரசர் ஆன் ஆஃப் ஆகறதுகூட அந்த கோட்டுல அலை அலையா தெரியும். மின்சாரக் கம்பியில ஸ்பார்க் இருந்தா 50 ஹெர்ட்ஸ் நாட்டுல 10 மில்லி நொடிக்கு ஒரு கொத்து, 60 ஹெர்ட்ஸ் நாட்டுல 8.3, வறண்ட காத்து அடிக்கிற நாள்ல மோசமாகும், மழை பெஞ்சா அடங்கிடும், அதனால லாக்ல வானிலைக்கும் ஒரு கட்டம் வைங்க.

சாட்டிலைட்ல இப்ப புது தலைவலி ஒன்னு. 2023ல ஐரோப்பாவோட லோஃபார் டெலஸ்கோப்ல 110–188 மெகாஹெர்ட்ஸ்ல ஸ்டார்லிங்க் சாட்டிலைட்டோட உள் எலக்ட்ரானிக்ஸ் கசிவையே பாத்துட்டாங்க, அவங்க ஒலிபரப்புக்கு வாங்கின பேண்ட் அது கிடையாது. தரையில நிக்கிற நம்ம டிஸ்கோன்ல அது தெரியறது கஷ்டம், அதுக்கு டெலஸ்கோப் டேட்டாவுலயே தேடணும்.

தேடிப் போறது

லாக் பீரியாடிக் ஆன்டெனாவை சுத்தி எந்த திசையில அதிகம்னு பாத்து, வேற ரெண்டு இடத்துல இருந்தும் அதையே செஞ்சு வரைபடத்துல கோடு போட்டா வெட்டிக்கிற இடம் கிடைக்கும். மலை, கட்டடம், டெலஸ்கோப் டிஷ் எல்லாம் சிக்னலை திருப்பி அடிக்கும், அதனால மூணு கோடும் ஒரே புள்ளியில சேரலன்னா பதறாதீங்க. மின்கம்பி சத்தத்தை தேடும்போது கீழ் ஃப்ரீக்வென்சியில ஆரம்பிச்சு கிட்ட போகப்போக மேல ஏத்திக்கிட்டே போங்க, கீழ இருக்கிறது கம்பி வழியா ரொம்ப தூரம் ஓடும், மேல இருக்கிறது கம்பத்து கிட்டத்தான் கேக்கும்.

எனக்கு இன்னும் மறக்காத ஒன்னு சொல்றேன். நான் வேலை பார்த்த ஒரு ஆய்வகத்துல 1400லயும் 1425லயும் மெல்லிசா ரெண்டு கோடு, தடை செஞ்ச பேண்டுக்குள்ளயே. எல்லாரும் தூரத்து டவரைத்தான் கை காட்டினாங்க. வித்தியாசம் 25ஆ இருக்கேன்னு 1375ஐயும் 1450ஐயும் பாத்தேன், அங்கயும் இருந்துச்சு. 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஈதர்நெட் கருவிகள்ல சர்வ சாதாரணம், அதோட 56வது 57வது மடங்குதான் அந்த ரெண்டு கோடும். பதினோரு நாள் லாக் எழுதினேன், ஆட்கள் இருக்கிற நேரத்துல பலமா இருக்கு, ராத்திரி பலவீனமா ஆகுது, ஆனா முழுசா போகல. எலக்ட்ரானிக்ஸை வச்சிருக்கிற கவச அறைக்கு போய் கதவை பாத்தா, பகல்ல உள்ள போய் வர்றவங்க கதவை இழுத்து சாத்திட்டு போறாங்க, கைப்பிடியை திருப்பி அழுத்தறதில்ல, ராத்திரி பூட்டும்போது மட்டும்தான் அது முழுசா அழுந்துது. அப்புறம் டார்ச் அடிச்சு கதவு விளிம்புல இருக்கிற அந்த விரல் விரலா மடிஞ்ச உலோகப் பட்டையை பாத்தேன், கீழ் கீல் பக்கம் நாலு விரல் உள்ள மடங்கி அமுங்கிக் கிடந்துச்சு, என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு இடைவெளி. 1420க்கு அலைநீளம் 21 சென்டிமீட்டர், அதுல பாதி நீளத்துக்கு ஒரு பிளவு இருந்தா அது நல்ல ஆன்டெனா, அதைவிட சின்னதா இருந்தாலும் கசியத்தான் செய்யும். பட்டையை மாத்தி, கைப்பிடியை திருப்பச் சொல்லி கதவுல எழுதி ஒட்டினோம், ரெண்டு கோடும் போயிடுச்சு. டவர் மேல புகார் எழுதி வச்சிருந்த லெட்டர் அப்ப மேஜை மேலயே இருந்துச்சு, நல்லவேளை அனுப்பல.

ஆளை கண்டுபிடிச்சாச்சுன்னு நினைச்சா ஆஃப் பண்ணி, ஆன் பண்ணி, திரும்ப ஆஃப் பண்ணி மூணு தடவை பாருங்க, ஒவ்வொரு தடவையும் நேரத்தை எழுதுங்க, யாராவது ஒருத்தர் ஸ்க்ரீன் கிட்ட இருக்கட்டும், அவருக்கு எப்ப ஆஃப் பண்றீங்கன்னு முன்கூட்டி சொல்லாதீங்க. சிக்னல் போன நேரத்தை அவர் தனியா எழுதி உங்க நேரத்தோட ஒத்துப்போச்சுன்னாதான் நம்புங்க.

எழுதி அனுப்பறது

சொந்த வளாகத்துல இருந்தா நேர்ல போய் பேசுங்க. கேபிள்ல ஃபெரைட் வளையம் (இடையூறை அடக்கற காந்தப்பொருள்) மாட்டறது, பவர் சப்ளையை மாத்தறது, கவசப் பெட்டிக்குள்ள வைக்கிறது, இதுல ஏதாவது ஒன்னுல முடிஞ்சிடும். வெளி ஆளா இருந்தா உங்க நாட்டு ஸ்பெக்ட்ரம் அதிகாரிங்ககிட்டதான் போகணும், சாட்டிலைட் மாதிரி எல்லை தாண்டின விஷயம்னா அவங்க வழியாத்தான் ஐடியூவுக்கு போகும். க்ரீன் பேங்க் சுத்தி 1958ல இருந்து ரேடியோ அமைதி மண்டலம் இருக்கு, தென்னாப்பிரிக்காவுல 2007ல தனிச் சட்டமே போட்டாங்க, ஆனா எந்த மண்டலமா இருந்தாலும் மேல பறக்கிறதை அது தடுக்காது.

ரிப்போர்ட்ல நடு ஃப்ரீக்வென்சி, அகலம், மட்டம், எந்த ரெசல்யூஷன் பேண்ட்விட்த்ல அளந்தது, யூடிசியில ஆரம்பமும் முடிவும், திசை, போலரைசேஷன் (அலை எந்தப் பக்கமா ஆடுதுங்கறது), அப்போ டெலஸ்கோப் எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருந்துச்சு, வானிலை, அட்டென்யூவேட்டர் சோதனையோட முடிவு, இதெல்லாம் இருக்கணும். என்ன தெரியும்ங்கறதையும் என்ன சந்தேகம்ங்கறதையும் தனித்தனியா எழுதுங்க.

சரி பண்ணின அப்புறமும் ரெண்டு வாரம் அதே ஆன்டெனா, அதே செட்டிங், அதே நேரத்துல அளந்து முன்னாடி எடுத்த படத்துக்கு பக்கத்துல வச்சு லாக்ல சேருங்க. அந்த ரெண்டு வாரத்துல ஒரு நாள்கூட கோடு தெரியலன்னா அப்புறம் கேஸை மூடலாம், மூடின தேதியையும் எழுதிடுங்க, ஏன்னா சீப்பு பல்லு மாதிரி 25 மெகாஹெர்ட்ஸுக்கு ஒன்னா நிக்கிற அதே கோடுங்க அடுத்த வருஷம் வேற ஏதாவது பெட்டியில இருந்து கிளம்பலாம், அப்ப வர்ற புது ஆள் தேடப்போறது உங்க பக்கத்தைத்தான்.